புலியைச் சுட ஹைதராபாத்திலிருந்து ஆள் வருகிறது

2018 நவம்பர் 2, இரவு. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் போராட்டி என்ற கிராமத்துக்குப் பக்கத்துக் காட்டுச் சாலையில் ஒரு திறந்த ஜீப் நின்றது. அதிலிருந்து வெடித்த தோட்டாவில் ஒரு பெண்புலி விழுந்தது. வனத்துறையின் ஏட்டில் அதன் பெயர் டி1. நாடு முழுக்க அதை ‘அவனி’ என்றுதான் அறிந்திருந்தது. 13 பேரின் சாவு அதன் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. இரண்டு குட்டிகளுக்குத் தாய். சுட்டுப் பிடிக்கும் உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு மாதம் முன்பே மறுத்துவிட்டிருந்தது. அதனால் புலி செத்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. சுட்டது யார் என்பதில்தான் நாடே அமளிப்பட்டது.

சுட்டவர் போலீஸ்காரர் இல்லை, வனத்துறை ஊழியரும் இல்லை. அஸ்கர் அலி கான் என்ற ஹைதராபாத்காரர். அந்தப் புலிக்காக மகாராஷ்டிர வனத்துறை வரவழைத்திருந்தது அவருடைய தந்தை நவாப் ஷஃபத் அலி கானை. தாத்தா காலத்திலிருந்தே வேட்டைக் குடும்பம்.

வேட்டையே தடை செய்யப்பட்ட ஒரு நாட்டில் ‘வேட்டைக்காரர்’ என்று ஒருவர் எப்படி மிச்சமிருக்கிறார்? அவர் கையில் இருக்கும் துப்பாக்கிக்கு எந்தச் சட்டம் உரிமம் தருகிறது? அரசாங்கத்துக்கு ஒரு புலியைச் சுட வேண்டியிருந்தால் அது ஏன் ஹைதராபாத்துக்குப் போன் போடுகிறது? துப்பாக்கிச் சட்டம் வேட்டையை என்ன செய்தது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுக்கணக்காகச் சண்டை நடக்கிறது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கான விடை ஹைதராபாத்தில் கிடக்கிறது, நிஜாம் காலத்திலிருந்து.

விருந்தாளிக்கு ஒரு புலி

வேட்டைச் சுற்றுலா என்ற பேச்சு வருவதற்கு முன்பே அதை ஓர் அரசாங்க வேலையாக நடத்திய ஊர் ஹைதராபாத். ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கானுக்கு வேட்டை என்றால் உயிர். மஹபூப்நகர் மாவட்டம் இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. வைஸ்ராய் வந்தாலும் சரி, ஐரோப்பிய இளவரசர் வந்தாலும் சரி, அரண்மனை விருந்துக்கு அடுத்தது காட்டு முகாம். கூடாரம், யானை, சமையல்காரர், புகைப்படக்காரர் என்று ஒரு சின்ன ஊரே காட்டுக்குள் நகரும். பரண் கட்டி, எருமைக்கன்றைக் கட்டி, நூற்றுக்கணக்கான கிராமத்தார் தப்பட்டை அடித்துப் புலியை விரட்டிக்கொண்டு வர, விருந்தாளி பரண்மேல் உட்கார்ந்து விசையை இழுப்பார்.

1893-இல் அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். பின்னாளில் சரயேவோவில் இவர் சுடப்பட்டதில்தான் முதல் உலகப் போரே மூண்டது. வாழ்நாளில் அவர் சுட்ட உயிர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று அவருடைய வேட்டைக் கணக்கேடுகளே சொல்கின்றன. மனிதரா, இயந்திரமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1902-இல் வைஸ்ராய் கர்சன் வந்தார். அந்தப் படம் உங்கள் கண்ணில் எங்காவது பட்டிருக்கும். காலடியில் புலி கிடக்க, வைஸ்ராயும் சீமாட்டி கர்சனும் நிற்கிறார்கள். எடுத்தது நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன் தயாளின் நிலையம். படத்தில் இல்லாதவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். புலியின் தடம் பார்த்துச் சொன்னவர், கன்றைக் கொண்டுபோய்க் கட்டியவர், புதருக்குள் இறங்கி விரட்டியவர், இவர்களில் ஒருவரும் படத்துக்குள் வரவில்லை. நல்லமலைக் காட்டில் அந்த வேலைகளுக்கு ஆள் வேண்டுமென்றால் காட்டை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த செஞ்சுப் பழங்குடிகளைத்தான் தேட வேண்டும். அவர்கள் கையில் வில் இருந்தது, துப்பாக்கி இல்லை.

அதற்கும் சட்டம் உண்டு. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். சுதேச சமஸ்தானங்களில் துப்பாக்கி அரசருக்கும் ஜாகீர்தார், தேஷ்முக் போன்ற நிலப்பிரபுக்களுக்கும் உரியது. நம் நாட்டில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பிறந்தபோது அதன் முதல் கேள்வி யாரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்பதே. எதைச் சுடலாம் என்ற கேள்வி வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றதற்கு இந்த அவமானம்தான் காரணம். 1946-க்குப் பிறகு தெலங்கானா விவசாயிகள் ஆயுதம் ஏந்தியபோது தேஷ்முக்குகளின் வீடுகளில் இருந்த துப்பாக்கிகளையும் குறிவைத்தார்கள்.

வெள்ளைக்கார வேட்டைக்காரருக்கும் ஒருமுறை துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வந்தது. ஆனால், அதை அவர் தாண்டிய விதத்தைப் பாருங்கள். .450 விட்டமுள்ள குண்டுகள் கிளர்ச்சிக்காரர்களின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்று பயந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் அந்த அளவுதான் அப்போது பேர்போனது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465 என்று ஒன்றைச் செய்தது, ஜோசப் லாங் .470 என்று ஒன்றைச் செய்தார். குண்டின் விட்டம் ஒரு நூலளவு மாறியது, வேட்டை மாறவே இல்லை. பணமும் செல்வாக்கும் உள்ள வேட்டைக்காரரைத் துப்பாக்கிச் சட்டம் மட்டும் தடுத்து நிறுத்தியதாக நம் சரித்திரத்தில் சான்று தேடினால் கிடைப்பது கடினம்.

10-ஆம் பிரிவில் ஒரு திறந்த கதவு

சுதந்திர இந்தியா 1959-இல் தனக்கென ஓர் ஆயுதச் சட்டம் இயற்றியது. இன்றும் நாட்டை ஆள்வது அதுதான். அதன் 10-ஆம் பிரிவை வழக்கறிஞர்கள்கூட அதிகம் புரட்டியிருக்க மாட்டார்கள். துப்பாக்கி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு சலுகை வைக்கிறது: மத்திய அரசு குறிப்பிடும் நாடுகளிலிருந்து வரும் உண்மையான சுற்றுலாப் பயணி, விளையாட்டுக்கு மட்டும் என்றால், நியாயமான அளவு துப்பாக்கியும் தோட்டாவும் உரிமம் இல்லாமலே கொண்டுவரலாம். ‘விளையாட்டு’ என்று 1959-இல் சொன்னால் வேட்டையும் அதற்குள் அடக்கம்.

அந்தக் கதவு வழியாக டாலர் வந்தது. 1950-களிலும் 60-களிலும் ராஜாக்கள் இழந்த காட்டை ‘ஷிகார்’ எனும் வேட்டைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. நாக்பூரைத் தளமாக வைத்து நடந்த ஆல்வின் கூப்பர் கம்பெனி அதில் பேர்போனது. வனத்துறை காட்டைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து நாள்கணக்கில் ஒதுக்கும், கம்பெனி அமெரிக்க விருந்தாளியைக் கூட்டிவரும். நிஜாம் இலவசமாகக் கொடுத்த விருந்துக்கு இப்போது கட்டணச் சீட்டு. மன்னர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காடுகளும் அந்தக் காவலை இழந்தன. ஜீப் வந்தது, மின்விளக்கு வந்தது. ராத்திரியில் விளக்கடித்துக் கண் மினுங்கும் இடத்தில் சுடுவதற்குப் பரணும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம்.

1969-இல் டெல்லியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு புலிக்காகக் குரல் கொடுத்தது. 1970-இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. அந்நியச் செலாவணி போகிறதே என்று கம்பெனிகள் கத்தின, நீதிமன்றம் வரை போயின. இந்திரா காந்தி அசையவில்லை. 1972-இல் எடுத்த கணக்கில் நாட்டில் மிஞ்சியிருந்தவை 1,827 புலிகள். அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அப்போதும் வேட்டை ஒரேயடியாகப் போய்விடவில்லை. சிறு விலங்கு, பெரு விலங்கு என்று வகை பிரித்து வேட்டை உரிமம் தரும் பிரிவுகள் அந்தச் சட்டத்திலேயே இருந்தன. 1991 திருத்தம்தான் அவற்றைத் துடைத்தெறிந்தது.

ஆகவே, இந்தியாவில் வேட்டையை நிறுத்தியது துப்பாக்கிச் சட்டம் இல்லை, வனவிலங்குச் சட்டம். ஆயுதச் சட்டத்தின் சுற்றுலாச் சலுகை இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடக்கிறது. அதைக் காட்டிக் கொண்டுவரும் துப்பாக்கியால் காட்டில் எதையும் சுடத்தான் அனுமதி இல்லை.

இந்த முடிவின் பலனைக் காண ஹைதராபாத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. விஜயவாடா நெடுஞ்சாலையில் வனஸ்தலிபுரத்தை ஒட்டி மகாவீர் ஹரிண வனஸ்தலி இருக்கிறது. நிஜாமின் சொந்த வேட்டைக்காடு. மகாவீரரின் 2500-ஆவது நிர்வாண ஆண்டான 1975-இல், கொல்லாமையைச் சொன்னவர் பெயரை, கொன்ற இடத்துக்கே வைத்தார்கள். சுமார் 3,700 ஏக்கரில் வெளிமான்கள் மேய்கின்றன, சுற்றிலும் அடுக்குமாடி. கிண்டியில் கவர்னர் தோட்டத்து வெளிமான்களைப் பார்த்து வளர்ந்த சென்னைக்காரருக்கு இது பழகிய காட்சி. தெற்கே நல்லமலையில் நிஜாமின் வேட்டை மாளிகை இருந்த ஃபரஹாபாத், இன்று அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் சஃபாரிப் பாதை. வேட்டைக்குத் தடம் பார்த்த செஞ்சுக்களின் வாரிசுகள் இப்போது வனத்துறைக்குப் புலித்தடம் பார்க்கிறார்கள். வேட்டைச் சுற்றுலா செத்தால் காட்டோரத்து ஆளுக்குச் சோறு போகும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை. பயணி வருகிறார், கையில் கேமரா.

பீரோவில் தூங்கும் ரைஃபிள்கள்

சரி, வேட்டைக் காலத்துத் துப்பாக்கிகள் எல்லாம் எங்கே போயின?

பலவும் வீட்டிலேயே இருக்கின்றன. உரிமம் பெற்றவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ அதை வாரிசுக்கு மாற்றித் தர விதி இருக்கிறது. இறந்தவருடையதும் அப்படியே. நிலம்போலத் துப்பாக்கியும் தலைமுறை தாண்டுகிறது. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால் பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளுக்கு மவுசு ஏறியது. ஆனால், அவற்றில் பலவற்றுக்குத் தோட்டா இங்கே கிடைக்காது. அரசு ஆலைகள் செய்வது .315 ரைஃபிளுக்கும் 12 போர் இரட்டைக் குழலுக்கும் இன்னும் சில அளவுகளுக்கும்தான். .470-க்கு எங்கே போவது? எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி பீரோவில் வைக்க வேண்டியதுதான்.

தோட்டா வாங்குவதும் லேசான காரியம் இல்லை. உரிமப் புத்தகத்தைக் கடைக்காரரிடம் நீட்ட வேண்டும். எத்தனை வாங்கினீர்கள் என்று அதன் பின்பக்கங்களில் தேதி போட்டு எழுதி, முத்திரை குத்தித் தருவார். கடையின் பதிவேட்டிலும் அதே கணக்கு ஏறும். ஒரு நேரத்தில் கையில் எத்தனை இருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை என்பதும் உரிமத்திலேயே இருக்கும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நகரமென்றால் போலீஸ் கமிஷனர், மாவட்டமென்றால் கலெக்டர், அவருக்கு முன்னால் உளவுப் பிரிவின் விசாரணை என்று புது உரிமம் நடையாய் நடக்க வைக்கும்.

2019 டிசம்பரில் இன்னொரு திருகல். அதுவரை ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். மத்திய அரசு முதலில் அதை ஒன்றாகக் குறைக்கத்தான் மசோதா கொண்டுவந்தது. பரம்பரைத் துப்பாக்கி என்னாவது என்று ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்து எம்.பி.க்கள் எழுந்தார்கள், இரண்டு என்று முடிந்தது. கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு இதிலிருந்து விலக்கு. அது நியாயம். சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் போன்றவர்கள் அந்தப் பாதையில்தான் வந்தார்கள்.

2016 இறுதியில் நாடு முழுக்கச் சுமார் 33 லட்சத்து 70 ஆயிரம் உரிமங்கள் இருந்ததாக உள்துறையின் கணக்கு. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. நம் மாநிலத்தில் துப்பாக்கி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

கூப்பிட்டால் வரும் வேட்டைக்காரர்

வனவிலங்குச் சட்டம் வேட்டையை மூடியபோது இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்தது. 11-ஆம் பிரிவு: மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்லத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிடலாம். 62-ஆம் பிரிவு: பயிரை அழிக்கும் விலங்கை, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு, ‘தீங்குயிர்’ என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அறிவித்தால் அதைச் சுட்டாலும் குற்றமில்லை.

உத்தரவு போடுவது எளிது, சுடுவது யார்? வனத்துறை ஊழியர்களில் பலருக்குத் தடி மட்டும்தான். போலீஸுக்குக் காடு தெரியாது. இந்த இடத்தில்தான் ஹைதராபாத் நுழைகிறது. சொந்த ரைஃபிள், செல்லுபடியாகும் உரிமம், சுட்டுப் பழகிய கை என்ற மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் மிகச் சில ஆட்களில் ஷஃபத் அலி கான் ஒருவர்.

2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காய் என்ற பெரிய மான் தீங்குயிராக அறிவிக்கப்பட்டது. 2016 ஜூனில் கங்கைக் கரையின் மோகாமா சமவெளியில் ஹைதராபாத் துப்பாக்கிகள் இறங்கின. சில நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்கள் விழுந்தன. மத்திய அமைச்சரவைக்குள்ளேயே அடிதடி: கொல்லும் வெறி என்றார் மேனகா காந்தி, மாநிலம் கேட்டது, விஞ்ஞானப்படி அனுமதித்தோம் என்றார் பிரகாஷ் ஜவடேகர். பயிரை இழந்த விவசாயி இந்த இருவரின் சண்டையிலும் ஓர் ஓரமாகத்தான் இருந்தார். 2017-இல் ஜார்க்கண்டில், பலரைக் கொன்ற யானை ஒன்றைச் சுட அழைப்பு, அதையும் முடித்தார் ஷஃபத் அலி கான். அடுத்த ஆண்டு அவனி.

அவனி விவகாரத்தில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணைக் குழு தந்த அறிக்கையில் துப்பாக்கிச் சட்டமும் வந்து நிற்கிறது. மயக்க ஊசி நடைமுறை மீறப்பட்டது, கால்நடை மருத்துவச் சட்டம் மீறப்பட்டது என்பதோடு, அஸ்கர் அலி அந்த ஆயுதத்தைக் கையாண்ட விதம் 1959 ஆயுதச் சட்டத்தையும் மீறியது என்றது குழு. உத்தரவு அப்பாவை நம்பிப் போடப்பட்டது, விசையை இழுத்தது மகன். புலி பாய்ந்து வந்தது, உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டேன் என்பது அவர் தரப்பு. புலி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தபோது குண்டு பட்டிருக்கலாம் என்பது பிரேதப் பரிசோதனையை ஒட்டி எழுந்த சந்தேகம். தந்தையும் மகனும் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். அந்தக் கொலையைச் சுற்றிய நீதிமன்ற அவமதிப்பு மனுவை 2021-இல் உச்ச நீதிமன்றம் மேலே நடத்தவில்லை.

தனிமனிதர்களைத் திட்டிப் பயனில்லை. கூப்பிட்டது அரசு. புலி ஆட்கொல்லி ஆன பிறகு அதைச் சுட வேண்டிய நேரம் வரும் என்பது வனத்துறைக்குத் தெரியாத விஷயமா? 1991-லிருந்து இத்தனை ஆண்டுகளில் ஒவ்வொரு மாநிலமும் பத்துப் பேரைப் பழக்கியிருக்க முடியாதா? பழக்கவில்லை. தனியார் பீரோவிலிருந்த துப்பாக்கியை நம்பினார்கள். அரசாங்க வேலையை ஒரு குடும்பத்தின் ஆர்வத்திடம் ஒப்படைத்ததன் விலைதான் அந்த இரவு.

முடியும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. 2021-இல் மசினகுடிப் பக்கம் டி23 என்ற புலி ஆட்களைக் கொன்றபோது, கொல்லாதே என்றது சென்னை உயர் நீதிமன்றம். மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்கள் வனத்துறையினர். வெளியூர் நவாபு யாரும் விசையை இழுக்கவில்லை.

அவுட்டுக்காய் கேட்காத உரிமம்

உரிமம் உள்ளவர் கதை இது. இல்லாதவர் கதை வேறு.

நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியை நாற்பது வயது தாண்டிய எந்தத் தமிழரும் மறந்திருக்க மாட்டார். குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் பால்ரஸ் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுவது. கொக்கு, காடை, முயல் என்று வயிற்றுப்பாட்டுக்கான வேட்டை. வனவிலங்குச் சட்டம் அந்த வேட்டையைக் குற்றமாக்கியது, ஆயுதச் சட்டம் அந்தத் துப்பாக்கியையே குற்றமாக்கியது. மாற்றுத் தொழில் என்று ஊசிமணி பாசிமணியைத் தவிர வேறெதுவும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவே 2023 ஜனவரி ஆயிற்று.

பணக்காரர் வீட்டு .375 பீரோவில் மரியாதையோடு தூங்க, ஏழையின் வாய்க்குழல் துப்பாக்கி மாவட்டம் மாவட்டமாகப் பறிமுதலாவதை நாம் செய்தித்தாளில் சாதாரணமாகப் படிக்கிறோம். நட்சத்திரங்களின் கதையும் தெரிந்ததே. 1998 ஜோத்பூர் வெளிமான் வேட்டையை ஒட்டி சல்மான் கான் மீது போட்ட ஆயுத வழக்கு 2017 ஜனவரியில் விடுதலையில் முடிந்தது. மானைக் கொன்ற வழக்கில் 2018-இல் 5 ஆண்டு தண்டனை விதித்தார்கள், ஜாமீனில் வந்தார்.

பயிர்க் காவலுக்கு வாய்க்குழல் துப்பாக்கி உரிமம் தரலாம் என்று 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. நடைமுறையில் ஒரு மானாவாரி விவசாயி கலெக்டர் அலுவலகம் ஏறி அதை வாங்குவதற்குள் கடலை அறுவடையே முடிந்துவிடும். அவர் என்ன செய்கிறார்? கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்து மின்சாரம் கொடுக்கிறார். அல்லது அவுட்டுக்காய். வெடிமருந்தைத் தீனிக்குள் வைத்துக் கட்டிப் போடுவது, பன்றி கடித்தால் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை யானை கடித்தாலும் அதுவேதான். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடிவைத்த தீனியால் வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்தது. 2025 ஜூனில் நம் எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலையில் ஒரு தாய்ப்புலியும் அதன் 4 குட்டிகளும் விஷம் தின்று செத்துக் கிடந்தன. மின்கம்பிக்கும் விஷத்துக்கும் அவுட்டுக்காய்க்கும் யாரும் உரிமம் கேட்பதில்லை. இலங்கையில் கட்டுத்துவக்கு செய்யும் நாசமும் இதே ரகம்தான், யார் வந்து இடறினாலும் வெடிக்கும்.

துப்பாக்கியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் காட்டில் சாவு குறையும் என்று நகரத்தில் இருந்துகொண்டு நம்புகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதே இல்லை. துப்பாக்கிச் சாவு குறையும், உண்மை. அதற்காக உரிமத்தை எல்லோருக்கும் அள்ளி வீசலாமா? நான் அதற்கும் உடன்பட மாட்டேன். துப்பாக்கி அதிகமுள்ள மாநிலங்களில் கல்யாண ஊர்வலத்தில் சுட்டுச் செத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் போதும்.

டாலர் கணக்கு

வேட்டைச் சுற்றுலாவைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் காட்டுவது பாகிஸ்தானை. வாதம் வலுவானது, மறைக்கக் கூடாது. அங்கே மார்க்கோர் என்ற மலையாட்டுக்கு ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அனுமதிகளை ஏலம் விடுகிறார்கள். ஒன்று 2 லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது. அதில் 80 சதவீதம் உள்ளூர் மக்களுக்கு. அழிவின் விளிம்பில் இருந்த ஆடு பெருகியது. நம் நீலகிரியிலும் 1877-இல் வேட்டைக்காரர்களே சங்கம் கூட்டி, 1879-இல் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வாங்கியதால்தான் வரையாடு பிழைத்தது என்று சொல்பவர்கள் உண்டு.

நியூசிலாந்தையும் காட்டுவார்கள். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஒரே மாதத்தில் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்தது அந்த நாடு. மான் வேட்டைக்கு வரும் வெளிநாட்டவர் இன்றும் வருகிறார்கள், பார்வையாளர் உரிமம் வாங்கி, தடையில்லாத ரைஃபிளோடு. 1996 படுகொலைக்குப் பின் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி உருக்கிய ஆஸ்திரேலியாவிலும் உரிமம் கேட்க வேட்டை ஒரு செல்லுபடியாகும் காரணம்தான். கட்டுப்பாடு வந்தால் வேட்டைக்காரர் பிழைப்பு போய்விடும் என்ற கூச்சல் பெரும்பாலும் துப்பாக்கி விற்பவர்களின் கூச்சல் என்பதற்கு இந்த இரண்டு நாடுகளே போதும்.

ஆனால், நியூசிலாந்தில் சுடப்படும் மான் கப்பலேறி வந்த மான், அந்தத் தீவின் மண்ணில் பிறந்ததல்ல. மார்க்கோர் வாழும் மலையில் சில கிராமங்கள் சேர்ந்து கணக்கு வைக்க முடியும். இங்கே? ஷிகார் கம்பெனிக் காலத்தில் ஒரு பர்மிட்டுக்கு எத்தனை புலி விழுந்தது என்று எவரும் எண்ணவில்லை. எண்ணியபோது 1,827. அதே நாடு 2022 கணக்கில் 3,682 புலிகளைக் காட்டியதற்குக் காரணம் வேட்டைக் கட்டணம் இல்லை. நம் காட்டோரத்து ஊராட்சிக்கு 80 சதவீதம் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?

குடகு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து குடவர்களுக்குத் துப்பாக்கி உரிம விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டியது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். வேட்டை அங்கும் தடைதான்.

யார் கையில்?

இப்போது விஷயம் புலியைத் தாண்டிப் பன்றிக்கு வந்துவிட்டது. கேரளம் 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது. சுடுவதற்கு உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களை நம்ப வேண்டும். அவர்களில் பலர் வயதானவர்கள். தேர்தல் வந்தால் அவர்கள் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்குப் போய்விடும், பன்றிக்குத் தேர்தல் தெரியாது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். விவசாயிகள் சங்கங்களுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. கேரளாபோல எங்களுக்கே அனுமதி கொடு என்கிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது, ஒரே ராத்திரியில் மரவள்ளிக்காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் யாருக்கும் கோபம் வரும். ஆனால், 22,500 உரிமம் மட்டுமே உள்ள மாநிலத்தில் தனியாரை நம்பினால், அந்த வேலை கடைசியில் விவசாயியிடம் வராது. பணமும் ரைஃபிளும் ஆசையும் உள்ள பொழுதுபோக்கு வேட்டைக்காரரிடம்தான் போய்ச் சேரும். மோகாமாவில் அதைத்தான் பார்த்தோம்.

ஆகவே, தமிழக அரசு எடுத்த நிலை சரி. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதே கவலை. ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் சுடப் பழகிய ஊழியர்கள் எத்தனை பேர், என்ன துப்பாக்கி, விவசாயி புகார் கொடுத்த எத்தனை நாளில் வந்தார்கள், சுட்ட விலங்கின் பிரேதப் பரிசோதனை என்ன சொன்னது என்பதை வனத்துறை மாதாமாதம் வெளியிட வேண்டும். ஆட்கொல்லி என்று அறிவிக்கும் உத்தரவில் சுடுபவர் பெயரும் ஆயுதமும் இருக்க வேண்டும், அவருக்குப் பதில் இன்னொருவர் சுட்டால் அதே நாளில் வழக்குப் பதிவாக வேண்டும். 1959 சட்டத்தின் 10-ஆம் பிரிவில் கிடக்கும் சுற்றுலாச் சலுகை வேட்டைக்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றம் ஒரு வரியில் திருத்திவிடலாம். நம் 39 எம்.பி.க்களில் ஒருவர் கேட்டாலே அது விவாதத்துக்கு வரும்.